பழைய காருக்கு நல்ல வெளிச்சம்: எதை மாற்றலாம், எதைத் தொடவே வேண்டாம்

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் வழி. போன மார்கழியில் ஒரு இரவு, எட்டரை மணி இருக்கும். எதிரே வந்த லாரி பிரைட்டைக் குறைக்கவே இல்லை. அது என்னைக் கடந்த அடுத்த கணம் கண்ணுக்குள் வெறும் கறுப்பு. நல்லவேளை, கால் பிரேக்கில் இருந்தது. பார்வை திரும்பியபோது இரண்டு கார் நீளத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். பழுப்பேறிய வேட்டி, கேரியரில் சாக்கு மூட்டை. சைக்கிளின் பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர்கூட இல்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை, அதே நடையில் போய்க்கொண்டே இருந்தார்.

என்னுடையது ஒன்பது வயதான ஹேட்ச்பேக். எச்4 பல்பு (டிம், பிரைட் இரண்டும் தரும் ஹாலஜன் பல்பு) போட்ட, ரிஃப்ளெக்டர் வகை ஹெட்லைட். பல்பின் ஒளியைப் பின்னால் உள்ள வெள்ளிப்பூச்சுக் கிண்ணம் முன்னே திருப்பிவிடும். நம் ஊரில் ஓடும் பழைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே வகைதான். அந்த வாரமே விளக்கை மாற்றிவிடுவது என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்இடி போடுங்க என்றார் ஒருவர். புரொஜெக்டர்தான் சரி என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் 100 வாட் பல்பை எடுத்து மேசைமேல் வைத்தார். வழி ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒவ்வொன்றும் கண்டிப்பாக நன்றாக இருக்கும் என்ற உறுதி. எதிரே வருபவருக்கு அது எப்படித் தெரியும் என்று மூன்று பேரில் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் மூன்று மாதம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்

மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஏதோ நிற்கிறது என்று மூளைக்கு எட்டி, கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி. அதிலேயே 33 மீட்டர் போய்விடும். காய்ந்த தார் ரோட்டில் வண்டி நிற்க இன்னும் 36 மீட்டர். மொத்தம் 70 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு 45 மீட்டருக்கு வரும். 100-ல் போனால் கிட்டத்தட்ட 100 மீட்டர். மழை ஈரமோ தேய்ந்த டயரோ இருந்தால் இன்னும் கூடும்.

நல்ல நிலையில் உள்ள எச்4 ஹெட்லைட்டை டிம்மில் போட்டால், கறுப்புச் சட்டை போட்டவர் தோராயமாக 40, 50 மீட்டரில்தான் கண்ணில் படுவார். அதாவது டிம்மில் 80-ல் போகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தை நோக்கி ஓட்டுகிறார். இதில் பல்பின் குறை கொஞ்சம்தான். டிம் வெளிச்சமே எதிரே வருபவர் கண்ணில் படாதபடி கீழே வெட்டப்பட்டிருக்கிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டும் கீழே வெளிச்சமும் பிரியும் ஒரு கோடு தெரியும். கட்ஆஃப் என்பார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுவதால் அந்தக் கோடு இடப்பக்கம் மட்டும் சற்று மேலேறும், சாலையோரம் நடப்பவர் தெரிவதற்காக. ஹெட்லைட் வடிவமைப்பு என்று ஒரு தனித் துறையே இருப்பது இந்தக் கோட்டுக்காகத்தான் என்று சொன்னால்கூடத் தவறில்லை.

இதெல்லாம் வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு கணக்கு. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. நாளின் எந்த நேரத்தையும்விட மாலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில்தான் அதிக விபத்துகள். விளக்கின் தரத்துக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் கார்களைச் சோதிக்கும் ஐஐஎச்எஸ் அமைப்பு அளந்து பார்த்தது. ஹெட்லைட்டுக்கு ‘நன்று’ என்று மதிப்பு வாங்கிய கார்கள், ‘மோசம்’ என்று வாங்கிய கார்களைவிட இரவில் தனியாக விபத்தில் சிக்குவது 19 சதவீதம் குறைவு, நடப்பவர்மேல் மோதுவது 23 சதவீதம் குறைவு.

வழி ஒன்று: இருப்பதைச் சரிசெய்வது

இதைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் இதில் விற்பதற்குப் பொருள் அதிகம் இல்லை.

ஹெட்லைட்டின் மேல்மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே பூசிய பாதுகாப்புப் படலம் வெயிலில் போய்விட்டால் மூடி மஞ்சளாகி மங்கும். பழுத்துப்போன ஹெட்லைட், புதியதன் வெளிச்சத்தில் 20 சதவீதத்தை மட்டுமே தரலாம் என்று அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018-ல் சோதித்துச் சொன்னது. பாலிஷ் போட்டால் 70 சதவீதம்வரை மீட்கலாம். நம் வெயிலில் எட்டு, ஒன்பது வருடம் நின்ற வண்டிக்கு இது நிச்சயம் பொருந்தும். நீரில் நனைத்த எமரி தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு கட்டாயம் அடிக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பூச்சு இல்லாமல் விட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சள். பற்பசை வைத்துத் தேய்ப்பது இரண்டு வார அழகுக்கு மட்டும் உதவும்.

உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சே உரிந்திருந்தால் பாலிஷால் பயனில்லை, மெக்கானிக்குகள் ‘டூம்’ என்று சொல்லும் முழு விளக்கையே மாற்ற வேண்டும். அப்போது ஒரு எச்சரிக்கை: இணையத்தில் மலிவாகக் கிடைப்பதில் சில, சாலையின் வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்தவை. அவற்றில் கட்ஆஃப் கோடு வலப்பக்கம் மேலேறும். நம் சாலையில் அது நேராக எதிரே வருபவர் முகம்.

அடுத்தது மின்னழுத்தம். எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது இதுதான். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு சமமாகக் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகச் சரிகிறது. அழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். என் வண்டியில் எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட். பல்பு ஹோல்டரில் 12.4. நடுவில் பழைய ஒயர், துருப்பிடித்த எர்த், ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் எல்லாம் சேர்ந்து அந்த 1.4 வோல்ட்டைத் தின்றிருந்தன. எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் ரிலே (சுவிட்சைப் போட்டதும் பேட்டரி மின்சாரத்தை நேராகப் பல்புக்கு விடும் சிறு கருவி) வைத்து, பியூஸ் போட்டுக் கொடுத்தார். செலவு ஆயிரத்துச் சொச்சம். அதே பழைய பல்பு, அன்று இரவே வேறு பல்பு போல எரிந்தது.

மூன்றாவது, குறி, அதாவது வெளிச்சம் எந்த உயரத்தில் போய் விழுகிறது என்பது. இது காசே இல்லாத வேலை. சமதரையில் சுவரிலிருந்து சரியாக 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். டிம்மின் கட்ஆஃப் அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். அதாவது ஒரு சதவீதச் சரிவு. விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அந்தக் கோடு 65 மீட்டரில் தரையைத் தொடும். என் வண்டியில் 20 சென்டிமீட்டர் கீழே இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 32 மீட்டரிலேயே வெளிச்சம் தரையில் விழுந்து முடிந்துவிடுகிறது. இத்தனை வருடமும் பாதித் தூரத்தைத்தான் பார்த்து ஓட்டியிருக்கிறேன்.

டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறு சக்கரம் ஒன்று இருக்கும். பலர் அதைத் தொட்டதே இல்லை. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்று ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கும். அப்போது உங்கள் டிம்கூட எதிரே வருபவருக்கு பிரைட்தான். பாரம் ஏற்றும்போது 2, 3 என்று திருப்பி வெளிச்சத்தைக் கீழே இறக்க வேண்டும், தனியாகப் போகும்போது 0-க்குத் திரும்ப வேண்டும். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்விட்டு 3-லேயே விட்டுவிட்டால், அடுத்த நாள் விளக்கு மங்கிவிட்டது என்று கடைக்குப் போக வேண்டியதுதான்.

விளக்கோடு சேர்த்து முன் கண்ணாடியையும் பார்த்துவிடுங்கள். உட்பக்கம் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம் எதிர்வெளிச்சத்தைக் கண்ணாடி முழுக்கப் பரப்பிவிடும். கீறல் விழுந்த வைப்பர் ரப்பரும் அப்படியே.

வழி இரண்டு: நல்ல ஹாலஜன் பல்பு

வழக்கமான எச்4 பல்பு 60/55 வாட். டிம்மில் சுமார் 1,000 லூமென் (பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு), பிரைட்டில் சுமார் 1,650. அட்டையில் ‘100 சதவீதம் அதிகம்’, ‘130 சதவீதம் அதிகம்’ என்று போட்டு வரும் பல்புகளும் அதே வாட்தான். பிலமென்ட்டை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, உள்ளே வேறு வாயு அடைத்து, வெளிச்சத்தைச் சாலையில் சில இடங்களில் கூட்டுகிறார்கள். அந்தச் சதவீதம் அந்தச் சில இடங்களுக்கான கணக்கு, மொத்த வெளிச்சத்துக்கு அல்ல. ஆனாலும் தூரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, கட்ஆஃப் கெடுவதில்லை, சட்டச் சிக்கலும் இல்லை. ஆயுள் குறைவு என்பதுதான் விலை. தினமும் இரவில் ஓட்டுபவர் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். நான் இதைத்தான் போட்டேன்.

நீலப் பூச்சு அடித்த ‘வெள்ளை’ ஹாலஜன் வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தின் ஒரு பங்கை வடிகட்டிவிட்டு நிறத்தை மட்டும் தருகிறது. கடைக்காரர் மேசைமேல் வைத்த 100/90 வாட் பல்பும் வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்து பிரைட்டில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி ஒயரும் சுவிட்சும் அதற்காகச் செய்தவை அல்ல. ஹோல்டர் உருகி, ரிஃப்ளெக்டர் கருகிய வண்டியை அதே எலக்ட்ரீஷியன் கடையில் பார்த்தேன்.

வழி மூன்று: ஹாலஜனுக்குச் செய்த ஹெட்லைட் கூட்டுக்குள் எல்இடி பல்பு

ஊரில் பாதிப் பேர் போவது இந்த வழியில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நானும் போட்டேன். முதல் இரவு மகிழ்ச்சிக்கு அளவில்லை. வண்டிக்கு முன்னால் தரை வெள்ளையாக, பகல் போலத் தெரிந்தது. மறுநாள் தம்பியிடம் காரைக் கொடுத்து, டிம்மில் போட்டு ஏரிக்கரை ரோட்டில் எதிரே வரச் சொன்னேன். நான் அவன் பைக்கில், ஹெல்மெட்டோடு. ஐம்பது மீட்டர் நெருங்கும்போது சாலையின் ஓரக்கோடு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. மண்பாதையில் இறங்கி நின்றுவிட்டேன். டிம்மில்தான் இருக்கியா என்று இரண்டு முறை கேட்டேன். டிம்தான். அந்த ஓரக்கோட்டில் அன்று யாராவது சைக்கிள் தள்ளிப் போயிருந்தால் மோதியிருப்பவன் நான், காரணம் என் கார்.

ஏன் அப்படி? எச்4 பல்பின் உள்ளே பிலமென்ட் ஒரு மில்லிமீட்டர் அளவு தடிமன் கொண்ட சிறு சுருள். எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒளி விடும். டிம் பிலமென்ட்டுக்கு அடியில் சிறு கரண்டி போல ஒரு உலோகத் தடுப்பு உண்டு. அதுதான் கட்ஆஃபை உண்டாக்குகிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்தச் சுருள் அந்த இடத்தில் இருக்கிறது என்று நம்பிச் செய்யப்பட்டது. எல்இடி பல்பில் சுருளுக்குப் பதில் ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் தட்டையான சில்லுகள். தகட்டின் தடிமனே அவற்றைச் சரியான புள்ளியிலிருந்து விலக்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தை வேறெங்கோ தள்ளும். ஒரு பகுதி கோட்டுக்கு மேலே போய் எதிரே வருபவர் கண்ணில் விழுகிறது. பெரும்பகுதி வண்டிக்கு மிக அருகில் தரையில் கொட்டுகிறது.

அந்த அருகு வெளிச்சம்தான் நம்மை ஏமாற்றுவது. பத்து மீட்டரில் தரை பளபளத்தால் கண்ணின் பாவை சுருங்குகிறது. அறுபது மீட்டரில் மங்கலாக இருப்பதைப் பார்க்கும் திறன் அப்போது குறைகிறது. மனதுக்கோ நிறைய வெளிச்சம் இருப்பதாகவே படுகிறது, காலும் தைரியமாக ஆக்சிலரேட்டரை மிதிக்கிறது. குறியைச் சரிசெய்த பிறகு ஒரே சாலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தபோது, தூரத்து மைல்கல் ஹாலஜனில் முன்னதாகத் தெரிந்தது, எல்இடியில் பின்னால்தான் தெரிந்தது.

எல்லா நாடுகளும் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவில்லை. பிரிட்டனில் 1986 ஏப்ரலுக்குப் பிறகு ஓடத் தொடங்கிய கார்களில் ஹாலஜன் கூட்டுக்குள் எல்இடி இருந்தால் ஆண்டுச் சோதனையில் தேறாது. ஜெர்மனியில் 2020-ல்தான் முதன்முதலாக இப்படி ஒரு பல்புக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். அதாவது நல்ல எல்இடி பல்பு என்று தனியாக ஒன்று இல்லை. இந்தப் பல்பு, இந்தக் கூடு, இரண்டும் சேர்ந்து தேற வேண்டும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய்வரை அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க இடமுண்டு. கடையில் தாராளமாகக் கிடைப்பதை வைத்து மாட்டலாம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

எதிரே வருபவரின் வயதையும் யோசிக்க வேண்டும். அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளி இருபது வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கண்கூச்சத்திலிருந்து மீளவும் நேரமாகும். என் அப்பா இருட்டிய பிறகு வண்டி எடுப்பதையே நிறுத்திவிட்டார். கண்புரை என்று நினைத்திருந்தார், மருத்துவர் அது பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். சாலையில் வரும் வெள்ளை விளக்குகள்தான் காரணம் என்று அவர் சொன்னபோது நான் அந்த எல்இடியைக் கழற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. மஞ்சள் கண்ணாடி போட்டால் சரியாகும் என்று விற்கிறார்கள். அது நடப்பவரைக் கண்டுபிடிக்க உதவுவதில்லை என்று 2019-ல் சிமுலேட்டரில் சோதித்தே சொல்லிவிட்டார்கள். அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

எச்ஐடி கிட், அதாவது செனான் வாயு பல்பைத் தனியாக வாங்கி மாட்டும் செட், அதைப் பற்றி இரண்டு வரி போதும். கம்பெனியே வைத்த செனான் விளக்கு அருமையானது. அதன் பல்பு 3,200 லூமென் தருவதால் ஐரோப்பிய விதிகள் தானாகச் சாய்வை மாற்றும் கருவியையும் மூடியைக் கழுவும் பீச்சானையும் கட்டாயமாக்கின. அவை எதுவும் இல்லாத ரிஃப்ளெக்டர் கூட்டில் அதே பல்பை நுழைப்பது எல்இடியைவிட மோசம். தொடவே வேண்டாம்.

வழி நான்கு: புரொஜெக்டர் பொருத்துவது

ஹெட்லைட்டைச் சூடேற்றிப் பிரித்து, உள்ளே லென்ஸும் தடுப்புத் தகடும் கொண்ட பை-எல்இடி (டிம், பிரைட் இரண்டும் தரும் எல்இடி) புரொஜெக்டரை வைத்து மறுபடி ஒட்டுவது. ஒளியியல் கணக்கில் இது நேர்மையான வழி. ஒளிமூலமும் லென்ஸும் ஒன்றுக்கொன்று செய்தவை என்பதால் கட்ஆஃப் கத்தியால் வெட்டியது போல இருக்கும். நண்பர் ஒருவரின் வண்டியில் இதை ஓட்டிப் பார்த்தேன், தூரப் பார்வை என் ஹாலஜனைவிட மேல்.

குறைகள் மூன்று. மறுபடி ஒட்டுவதில் கை சுத்தம் இல்லையென்றால் முதல் மழைக்கே உள்ளே நீர்த்திவலை. நேராக நிற்காமல் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் ஒரு கண் வானத்தைப் பார்க்கும். கட்ஆஃப் மிகக் கூர்மையாக இருப்பதால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் எதிரே வருபவருக்கு பளிச் பளிச்சென்று அடிக்கும், நாம் பிரைட் அடித்து மிரட்டுவதாக நினைத்துக்கொள்வார். மேலே சொன்ன 52-ஆம் பிரிவு இதற்கும் உண்டு. அதோடு பத்தாயிரத்தில் தொடங்கும் செலவு. நல்ல கைவேலைக்காரர் பக்கத்தில் இருந்தாலும் என் பழைய வண்டிக்கு இதை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

வழி ஐந்து: கூடுதல் விளக்குகள்

பம்பரில் பொருத்தும் துணை விளக்கு பிரைட்டோடு மட்டும் எரியும்படி ஒயரிங் செய்தால், ஆளில்லாத சாலையில் உண்மையிலேயே உதவும். எதிரே வண்டி வந்து டிம்முக்கு மாற்றியதும் அதுவும் கூடவே அணைய வேண்டும். தனி சுவிட்ச் வைத்தால் அணைக்க மறந்துவிடுவோம். கூரைமேல் வைக்கும் எல்இடி பட்டைக்குப் பொதுச் சாலையில் இடமே இல்லை.

பனிவிளக்கைப் பலர் தெளிந்த இரவிலும் போட்டுக்கொண்டே போகிறார்கள். தாழ்வாக, அகலமாக, கிட்டத்தில் விழும் வெளிச்சம் அது. கோத்தகிரி வளைவில் மூடுபனிக்கு நல்லது. சமவெளியில் அது செய்வது எல்இடி பல்பு செய்த அதே ஏமாற்றுதான். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, நிறம் பார்த்துச் சிதறடிப்பதில்லை. பிரான்ஸ் 1993 வரை எல்லாக் கார்களுக்கும் மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக வைத்திருந்தது, பிறகு விட்டுவிட்டது.

ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் நம் பழக்கத்தையும் இங்கே சொல்லிவிடலாம். சாலைப் பாதுகாப்பு வாரத்தில் நல்லெண்ணத்தோடுதான் ஒட்டுகிறார்கள். ஆனால் கூச்சம் வருவது கோட்டுக்கு மேலே போகும் ஒளியால். நடுப்பொட்டு கோட்டை மாற்றாது. அந்த முகாமில் ஒரு சுவரும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் வைத்து ஒவ்வொரு வண்டிக்கும் குறியைச் சரிசெய்து அனுப்பினால் எத்தனையோ மேல்.

புது வண்டி வாங்குபவர்களுக்கு

கம்பெனியே வைத்துத் தரும் எல்இடி, கூட்டோடு சேர்ந்து செய்து சோதித்தது. பொதுவாக ஹாலஜனைவிட நல்லது. ஆனால் ‘எல்இடி ஹெட்லேம்ப்’ என்று விளம்பரத்தில் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஐஐஎச்எஸ் 2016-ல் முதன்முறை ஹெட்லைட்டுக்கு மதிப்பெண் போட்டபோது, நடுத்தரக் கார்கள் 31-ல் ஒன்றே ஒன்றுதான் ‘நன்று’ வாங்கியது. விலை உயர்ந்த சிலவும் ‘மோசம்’ வரிசையில் இருந்தன. கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் நம் பாரத் என்சிஏபி திட்டம் 2023 அக்டோபரில் தொடங்கியது, மோதல் சோதனைக்கு நட்சத்திரம் தருகிறது, ஹெட்லைட்டுக்கு மதிப்பெண் தருவதில்லை. ஆகவே டெஸ்ட் டிரைவை இரவு ஏழரைக்குக் கேளுங்கள். தெருவிளக்கு இல்லாத சாலைக்குக் கொண்டுபோய் டிம்மில் ஓட்டிப் பாருங்கள். பிறகு விற்பனையாளரை ஓட்டச் சொல்லி நீங்கள் எதிரே நில்லுங்கள். உயரமான எஸ்யூவியாக இருந்தால் ஒரு சிறு காரில் உட்கார்ந்தபடி பாருங்கள். விளக்கு உயரமாக இருந்தால் முன்னே போகும் சிறு காரின் கண்ணாடி முழுவதும் அதுதான் தெரியும்.

மேட்ரிக்ஸ் எல்இடி என்று ஒன்று இருக்கிறது. 2013-ல் ஆடி ஏ8 காரில் வந்தது. எப்போதும் பிரைட்டிலேயே ஓடும், எதிரே வருபவரைக் கேமரா பார்த்து அவர் இருக்கும் இடத்துக்கான சில்லுகளை மட்டும் அணைத்துவிடும். அமெரிக்கா இதற்கு 2022-ல்தான் அனுமதி கொடுத்தது. திருச்சி–சென்னை சாலையில் நடுவே அரளிச்செடி செய்யும் வேலையை, அரளி இல்லாத அறந்தாங்கி சாலையிலும் செய்யக்கூடியது இது. இன்று விலையுயர்ந்த வண்டிகளோடு போய்க்கொண்டிருக்கிறது. சன்ரூஃப் கேட்பதற்குப் பதில் இதைக் கேட்கும் வாடிக்கையாளர்கள் கூடினால் கீழே இறங்கி வரும் என்று நம்புகிறேன்.

புது வண்டிகளில் இன்னொரு ஆபத்து. இருட்டினாலும் டேஷ்போர்டு எரிகிறது, முன்னால் பகல்விளக்கு எரிகிறது, ஓட்டுபவர் ஹெட்லைட் போட்டதாக நினைத்துக்கொள்கிறார். பின்னால் டெயில் விளக்கு எரியவில்லை. தானாக எரியும் வசதி இருந்தால் சுவிட்சை எப்போதும் ஆட்டோவில் வையுங்கள். பின்பக்க பிரேக் விளக்கில் எல்இடிக்கு ஒரு தனி நன்மை உண்டு: சாதாரண பல்பைவிட சுமார் 0.2 நொடி முன்னால் எரிகிறது. பின்னால் 100-ல் வருபவருக்கு அது ஐந்தரை மீட்டர்.

நான் செய்தது

மூடிக்குப் பாலிஷும் பூச்சும். ரிலே ஒயரிங். சுவரில் குறி. நல்ல ஹாலஜன் பல்பு ஒரு ஜோடி. இந்த வரிசையில்தான். எல்லாம் சேர்த்து நான் எல்இடிக்குக் கொடுத்த விலையைத் தாண்டவில்லை. இரவில் நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடுபவராக இருந்தால் பிரைட்டோடு எரியும் துணை விளக்கு ஒரு ஜோடியை இதோடு சேர்க்கலாம். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்குப் பாலிஷும் குறியும் மட்டுமே போதும்.

மிச்சக் காசில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சுருள் ஒன்று வாங்கி ஊரில் பால் சைக்கிள்களுக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் ஒட்டிக் கொடுத்தோம். அது என் டிம் வெளிச்சத்தில் 150 மீட்டருக்கு அப்பாலும் மின்னுகிறது. எந்தப் பல்பும் எனக்குத் தராத தூரம்.

அறந்தாங்கி ரோட்டில் இப்போது டிம்முக்கு மாற்றியதும் வேகத்தை 60-க்கு இறக்கிவிடுகிறேன். பின்னால் வருபவர் ஹார்ன் அடித்தால் இடப்பக்கம் ஒதுங்கி வழி விடுகிறேன்.